நீர் மேலே போகும், அழுக்கு இங்கேயே தங்கும்

பள்ளிப் பாடநூல்களில் நீர்ச் சுழற்சிக்கு ஒரு படம் உண்டு. ஒரு பக்கம் கடல், அதிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் அம்புக்குறிகள், மேலே மேகம், மறுபக்கம் மலை, மழை, மலையடிவாரத்திலிருந்து வளைந்து இறங்கும் ஆறு. அந்த ஆறு மறுபடியும் கடலில் போய்ச் சேரும். படத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அதன் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் ஒரு மீன்கூட இருப்பதில்லை. நத்தை இல்லை, தவளை இல்லை, ஓர் இழை பாசிகூட இல்லை. நீருக்குள் வாழும் உயிர்களை விட்டுவிட்டு நீரின் பயணத்தை மட்டும் பார்ப்பதால் நமக்கு ஒரு தப்பான தைரியம் வந்துவிடுகிறது. நீர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சுற்றச் சுற்றத் தூய்மையாகிறது, ஆகவே அதில் எதைக் கொட்டினாலும் நாளடைவில் சரியாகிவிடும் என்ற தைரியம். நன்றாகப் படித்தவர்களே இப்படிப் பேசக் கேட்டு வருந்தியிருக்கிறேன்.

சுழற்சி நீரைத் தூய்மைப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 லட்சம் கன கிலோமீட்டர் நீர் ஆவியாகி மேலே போகிறது. அதில் பெரும்பங்கு கடலிலிருந்து எழுவது. அப்படி எழும்போது உப்பும் சேறும் உலோகங்களும் கீழேயே நின்றுவிடுகின்றன. இவ்வளவு பெரிய வாலைவடிப்பை மனிதர்கள் கட்டிய எந்த ஆலையாலும் நினைத்துப் பார்க்க முடியாது. வெயில் அதை ஒவ்வொரு நாளும் செய்கிறது. அதே சமயம், காற்று மண்டலத்தில் எந்த நேரத்திலும் இருக்கும் நீர் சுமார் 13 ஆயிரம் கன கிலோமீட்டர் மட்டுமே. அத்தனையும் ஒரே சமயத்தில் பொழிந்தால் பூமிப் பரப்பின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும், அவ்வளவுதான். மேலே போன நீர் சராசரியாக ஒன்பது பத்து நாளில் இறங்கிவிடுகிறது.

அந்த ஒன்பது பத்து நாள்தான் அது ஏறக்குறைய வெறும் நீராக இருக்கும் காலம். இறங்கத் தொடங்கியதுமே சேர்க்கவும் தொடங்குகிறது. காற்றிலுள்ள தூசியையும் புகையையும் கழுவிக்கொண்டு வருகிறது. பாறையைக் கரைக்கிறது, மண்ணை அரிக்கிறது. கூரை, தெரு, வயல், சாக்கடை என்று தொட்டதையெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதற்கு முக்கியமான காரணமும் இதுவே. ஆறுகள் கரைத்துக் கொண்டுவந்ததைக் கடலிலேயே விட்டுவிட்டு நீர் மட்டும் மறுபடி மேலே போய்விட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் கணக்கு இது. உப்புக்கு நடந்ததுதான் நாம் கொட்டுபவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் நடக்கிறது. சுழற்சி நீருக்குத்தான். அழுக்குக்கு அது ஒருவழிப் பாதை. மீனும் நண்டும் சிப்பியும் அந்தப் பாதையின் முடிவில் குடியிருக்கின்றன.

வெயிலைத் தவிர இன்னொரு வடிகட்டியும் இந்தச் சுழற்சியில் இருக்கிறது. அது மண். மழைநீர் மண்ணுக்குள் மெல்ல இறங்கும்போது களிமண் துகள்கள் உலோகங்களைப் பிடித்து வைக்கின்றன. வேர்கள் உரச்சத்தை உறிஞ்சுகின்றன. நுண்ணுயிர்கள் பல கரிமச் சேர்மங்களைத் தின்று சிதைக்கின்றன. சதுப்பு நிலத்திலும் ஆற்றோரப் புதர்க்காட்டிலும் நீர் தேங்கித் தேங்கிப் போவதால் இந்த வேலை இன்னும் நன்றாக நடக்கிறது. வெயில் என்ற முதல் வடிகட்டியை நம்மால் நிறுத்த முடியாது. மண் என்ற இரண்டாவதைத்தான் நாம் தார் போட்டும் கான்கிரீட் போட்டும் மூடிவிட்டோம். காட்டில் பெய்யும் மழை ஆற்றை அடைய நாட்களோ மாதங்களோ ஆகலாம். நகரத்தில் பெய்யும் மழை குழாய் வழியாகச் சில நிமிடங்களில் ஆற்றுக்குள் விழுந்துவிடுகிறது. இடையில் மண்ணைத் தொடுவதே இல்லை. நீர் மாசு என்றால் தொழிற்சாலைக் குழாயைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் முக்கியத்துவத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் மண்ணைத் தாண்டிக் குதிக்கும் இந்தச் சாதாரண மழைநீர் செய்யும் சேதத்தை நாம் இன்னும் சரியாக எடை போடவே இல்லை.

எந்த ஓடைக்குப் போனாலும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். நல்ல ஓடையில், நீரின் வேகம் படுகிற இடத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கினால், வெளிச்சம் பட்டதும் தட்டையான சிறு பூச்சிகள் மறுபக்கத்துக்கு ஓடும். மே ஈ என்ற பூச்சியின் இளம்பருவம் அது. பின்னால் மூன்று மெல்லிய வால் இழைகள். வயிற்றின் இருபுறமும் இலை வடிவச் செவுள்கள் வரிசையாக இருக்கும். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் நீர் ஊற்றி அதில் விட்டுப் பாருங்கள். அந்தச் செவுள்கள் விடாமல் படபடத்துக்கொண்டே இருக்கும். ஓடும் நீரில் கிடைத்த ஆக்சிஜன் தேங்கிய தட்டில் கிடைக்காததால், தானே அலை எழுப்பிப் புது நீரை உடலருகே இழுக்கிறது. பக்கத்திலேயே மணல் துகள்களைப் பட்டு இழையால் ஒட்டிக் கட்டிய குழலுக்குள் இன்னொரு பூச்சியின் புழு ஒடுங்கியிருக்கும். நீரின் தரத்தை ஆராய்கிறவர்கள் இந்தப் பூச்சிகளை எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குப்பி நீரைச் சோதித்தால் அந்த நொடியின் நிலவரம் மட்டும் தெரியும். கல்லின் அடியில் இருக்கும் பூச்சியோ கடந்த பல மாதங்களின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு நிற்கிறது. அது அங்கே இல்லையென்றால், நாம் பார்க்காத ஏதோ ஒரு நாளில் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள்.

கெட்டுப்போன ஓடையின் கல்லைப் புரட்டினாலும் உயிர் இருக்கும். கல்லின் அடி கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். சேற்றுக்குள் ரத்தச் சிவப்பில் புழுக்கள் நெளியும். அவற்றின் சிவப்புக்குக் காரணம் நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருள், ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அரிதாகிவிட்ட இடத்தில் கிடைக்கும் கொஞ்சத்தையும் பற்றிக்கொள்ள அவை அதை வைத்திருக்கின்றன. இருபது முப்பது வகை உயிர்கள் இருந்த இடத்தில் இரண்டு வகை மட்டும் லட்சக்கணக்கில் பெருகியிருக்கும் அந்தக் காட்சியை ஒருமுறை கண்டவர் ‘மாசடைந்த நீரில் உயிரே இல்லை’ என்று சொல்லமாட்டார். அங்கே உயிர்கள் ஏராளம். போய்விட்டவை அங்கிருந்த வகைகள்தான்.

ஆக்சிஜனைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனின் எடை சுமார் 280 மில்லிகிராம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சமாகக் கரைந்திருப்பது சுமார் 9 மில்லிகிராம். முப்பதில் ஒரு பங்கு. அதையும் காற்றைவிட எண்ணூறு மடங்கு கனமான ஒரு பொருளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். இதற்காக மீனின் செவுளில் ரத்தம் ஒரு திசையிலும் நீர் எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. அதனால் நீரிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பங்கை மீன் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு நேர்த்தியான உறுப்பு இருந்தும், லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் தடுமாறத் தொடங்குகின்றன. 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலானவை அங்கிருந்து ஓடியாக வேண்டும், அல்லது சாக வேண்டும். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. பூஜ்யம் டிகிரியில் 14.6, முப்பதில் ஏழரை. அதே சூட்டில் மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆகவே வெந்நீரை ஆற்றில் விடுவதும் மாசுதான், அதில் ஒரு துளி ரசாயனம் இல்லாவிட்டாலும்.

மீன் வளர்க்கிறவர்களுக்கு ஒரு அடையாளம் தெரியும். விடியும் முன் குளத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே நீரைக் கலக்கிவிட ஓடுவார்கள். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது. பாசி மிதமாக இருந்தால் வரவும் செலவும் சரியாகப் போகும். அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால் இரவு முழுக்கச் செலவாகி, விடிவதற்குச் சற்று முன் கையிருப்பு தீர்ந்துவிடும். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது நஞ்சு அல்ல, இந்த மூச்சுத்திணறல். பகலில் வந்து நீரை அளந்து பார்ப்பவருக்கு ஆக்சிஜன் தாராளமாக இருப்பதாகவே தெரியும்.

பாசி ஏன் பெருகுகிறது? 1960-களில் வட அமெரிக்காவின் ஈரி ஏரி பச்சைக் குழம்பாகிக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி பெரும் சண்டையாகவே நடந்தது. சோப்புத்தூளில் இருந்த பாஸ்பேட்டைச் சிலர் காட்டினார்கள். காரணம் கார்பன்தான், பாஸ்பரஸ் அல்ல என்று வேறு சிலர் வாதாடினார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாநிலக் காட்டுப்பகுதியில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உண்டு. அவற்றில் 226-ஆம் எண் ஏரி நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியது. 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்த ஒடுக்கத்தில் நீர் புகாத திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் நைட்ரஜனும் கார்பனும் போட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் பாஸ்பரஸ் சேர்க்காத பாதி கருநீலமாகவும் சேர்த்த பாதி கெட்டிப் பச்சையாகவும் தெரிகிறது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு தெளிவாக ஒரு வழக்கைத் தீர்த்துவைத்த புகைப்படம் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். அதன் பிறகு வாதாட இடமே இல்லாமல் போயிற்று. சோப்புத்தூளில் பாஸ்பேட்டுக்குப் பல இடங்களில் கட்டுப்பாடு வந்தது.

பாஸ்பரஸின் தனிக் குணம் ஒன்றை இந்தச் சுழற்சியோடு வைத்துப் பார்க்கவேண்டும். நைட்ரஜன் நீரில் அதிகமானால் சில நுண்ணுயிர்கள் அதை வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்கு அப்படியொரு வாயுப் பாதை கிடையாது என்றே சொல்லலாம். வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் ஏரிக்கு வந்தால் அது ஏரியிலேயே கிடக்கவேண்டியதுதான். அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து தூங்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை அந்தப் பிணைப்பு நிலைக்கும். பாசி செத்து அடியில் அழுகி ஆக்சிஜன் தீர்ந்ததும் பிணைப்பு அவிழ்ந்து, பழைய பாஸ்பரஸ் மீண்டும் நீருக்குள் எழுகிறது. அது புதிய பாசியை வளர்க்கிறது. வெளியிலிருந்து வருவதை முற்றிலும் அடைத்த பிறகும் ஒரு ஏரி பல ஆண்டுகள் பச்சையாகவே இருப்பதன் ரகசியம் இது. ‘இவ்வளவு செலவு செய்தும் பயனில்லையே’ என்று நிர்வாகங்கள் கைவிட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கைவிடக்கூடாத கட்டமும் இதுவே.

கடலிலும் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டும் உரச்சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் வற்றிய பரப்பு உருவாகிறது. 2017-இல் அது 22,700 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2008-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி உலகில் இப்படிப்பட்ட இடங்கள் 400-க்கும் மேல். நீந்தத் தெரிந்த மீன் தப்பி ஓடிவிடும். சிப்பிக்கும் கடல்புழுவுக்கும் எங்கே போவது?

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் மாசு. தெரியாதது இன்னும் கவலை தருவது. கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்றொரு ஏரி. அங்கே கொசு போன்ற, ஆனால் கடிக்காத, ஒரு சிறு பூச்சி தொந்தரவாக இருந்தது. 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டிடிடி (DDD) என்ற மருந்தை, அதாவது டிடிட்டி (DDT) வகையைச் சேர்ந்த ஒரு பூச்சிக்கொல்லியை, ஏரியில் கலந்தார்கள். ஐந்து கோடிப் பங்கு நீருக்கு அதிகபட்சம் ஒரு பங்கு என்ற அளவில்தான். மருந்து கலந்து சில நாட்களில் நீரைச் சோதித்தால் அதன் சுவடே தெரியவில்லை. நீர் தூய்மையாகிவிட்டது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் ஏரியில் கூடு கட்டும் முக்குளிப்பான்கள் சாகத் தொடங்கின. இறந்த பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 1,600 பங்கு மருந்து இருந்தது. நீரில் கலந்த அளவைப்போல 80 ஆயிரம் மடங்கு. மிதவை உயிரிகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. அவற்றைத் தின்ற சிறுமீன் அத்தனையையும் கொழுப்பில் சேர்த்தது. சிறுமீனைத் தின்ற பெரிய மீன், அதைத் தின்ற பறவை என்று ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போயிற்று. சுமார் ஆயிரம் ஜோடிப் பறவைகள் இருந்த இடத்தில் 1960 வாக்கில் முப்பது ஜோடிதான் மிஞ்சின. நீரிலிருந்து நஞ்சு மறைந்தது என்றால் அது எங்கே போயிற்று என்று அடுத்த கேள்வி கேட்க நமக்குக் கற்றுக்கொடுத்தவை அந்தப் பறவைகள்.

தெளிந்த நீர் ஏமாற்றும் என்பதற்கு நார்வே, சுவீடன் ஏரிகளும் சாட்சி. நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்து அமில மழையாகப் பெய்தது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கூடும்; இயல்பான மழையில் அது சுமார் 5.6. அதைவிட மிகவும் கீழிறங்கிய மழை பல பத்தாண்டுகள் விடாமல் பெய்ததில் மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்து கரைந்து போயிற்று. பிறகு மண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து ஏரிக்கு வந்தது. அது செவுளில் படிந்ததும் மீன் சளியைச் சுரக்கிறது, உடல் உப்பை இழக்கிறது, மூச்சு முட்டி இறக்கிறது. பாசியும் மிதவை உயிரிகளும் குறைந்துபோன அந்த ஏரிகள் கண்ணாடி போலத் தெளிந்து அழகாக இருந்தன. நாடுகளுக்கிடையே காற்று மாசைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1979-இல் ஜெனீவாவில் கையெழுத்தானது. ஐரோப்பாவில் கந்தகப் புகை பெருமளவு குறைந்து, மழையும் தேறிவிட்டது. ஆனால் இழந்த சுண்ணாம்பைப் பாறை சிதைந்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க நெடுங்காலம் ஆகும். அதனால் பல ஏரிகள் இன்னும் முழுமையாகத் தேறவில்லை. மண் என்ற வடிகட்டிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.

வெயில் வடிகட்டி மட்டுமாவது பழுதில்லாமல் இருக்கிறதா? பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். நிலக்கரி எரியும்போது காற்றில் ஏறிப் பல மாதங்கள் உலகைச் சுற்றி, எந்த ஆலையும் இல்லாத ஏரியில் மழையோடு இறங்குகிறது. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதன் பிறகு முக்குளிப்பானுக்கு நடந்த அதே ஏறுமுகம். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவோடு நேராகக் கடலில் கலந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களைத் தாக்கியது 1956-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மனிதர்களுக்கு முன்பே பூனைகள் வலிப்பு வந்து துடித்தன, மீன்கள் மிதந்தன, பறவைகள் பறக்க முடியாமல் விழுந்தன. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னும் புதியது, ஒட்டாத பாத்திரங்களுக்கும் நீர் ஒட்டாத துணிகளுக்கும் பயன்படும் ஃபுளோரின் சேர்மங்கள். இயற்கையில் அவை ஏறக்குறையச் சிதைவதே இல்லை. கடலில் குமிழி உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறி அவை மறுபடி காற்றுக்கு வருகின்றன. அண்டார்க்டிகா உட்பட எல்லா இடத்து மழையிலும் அவை இருப்பதாக ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் எழுதினார்கள். ஒருவழிப் பாதை என்று மேலே சொன்னேன். இந்தச் சேர்மங்களுக்கு நாம் திரும்பிவரும் பாதையையும் போட்டுக் கொடுத்துவிட்டோம். கீழ்நோக்கிய பாதை எதுவரை போகிறது என்பதற்கு மரியானா அகழி விடை. கடலின் ஆழமான அந்த இடத்தில் வாழும் இறால் போன்ற சிறு உயிர்களின் உடலில், மின்சாதனங்களில் பயன்பட்டு, பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடைசெய்யப்பட்ட பிசிபி என்ற சேர்மங்கள் ஏராளமாக இருப்பதை 2017-இல் கண்டறிந்தார்கள்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது கோஹோ சால்மனின் கதை. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளை 1990-களில் மக்கள் அரும்பாடுபட்டுச் சீரமைத்தார்கள். குப்பையை அகற்றினார்கள், கரையில் மரம் நட்டார்கள், முட்டையிட ஏற்ற கூழாங்கல் படுகைகளை அமைத்தார்கள். கடலிலிருந்து மீன்களும் திரும்பி வந்தன. இலையுதிர்கால மழை பெய்ததும் அவை ஓடையில் வட்டமிட்டுச் சுற்றின, நீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்தன, நிலை தவறிப் பக்கவாட்டில் சாய்ந்தன, சில மணி நேரத்தில் செத்தன. வயிறு நிறைய முட்டையோடு பெண் மீன்கள் கரையொதுங்கின. சில ஓடைகளில் வந்த மீன்களில் பாதிக்கும் மேல் இப்படிப் போயின. பூச்சிக்கொல்லியா என்று பார்த்தார்கள், இல்லை. உலோகமா, வெப்பமா, நோயா, எதுவும் இல்லை. அதே ஓடையில் சம் என்ற இன்னொரு வகைச் சால்மன் ஒன்றும் ஆகாமல் நீந்திக்கொண்டிருந்தது. சாலையிலிருந்து வழியும் மழைநீரில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

விடை 2020 டிசம்பரில் வந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்க அதில் 6பிபிடி என்ற பொருளைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவருகிறார்கள். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கும் முன் இந்தப் பொருள் ஓசோனோடு வினைபுரிந்து ரப்பரைக் காக்கிறது. வினையில் பிறக்கும் புதிய சேர்மம், 6பிபிடி-குயினோன், தேயும் டயர்த் துகளோடு சாலையில் படிகிறது. மழை வந்ததும் ஓடைக்குப் போகிறது. டயர்த் துகளை ஊறவைத்த நீரில் இருந்த ஆயிரக்கணக்கான சேர்மங்களைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மீனை விட்டுப் பார்த்து, கடைசியில் இந்த ஒன்றைப் பிடித்தார்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே கோஹோவைக் கொன்றுவிடுகிறது. யாரும் இதைத் தயாரிக்கவில்லை. அதுவரை எந்தப் பட்டியலிலும் இது இருந்ததில்லை. யாரும் எதையும் ஓடையில் கொட்டவில்லை. வண்டி ஓடியது, மழை பெய்தது, அவ்வளவுதான். மாசு என்றால் குற்றவாளி ஒருவர் இருப்பார், பிடித்துத் தண்டித்தால் தீர்ந்தது என்று நினைக்கும் நம் பழக்கத்துக்கு இந்த மீன்கள் மிகக் கடினமான கேள்வியை வைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

இனிக் காலத்தைப் பற்றி. ஆற்றில் ஒரு துளி நீர் தங்குவது சராசரியாக ஓரிரு வாரங்கள். ஈரி ஏரியில் சுமார் இரண்டரை ஆண்டுகள். அதற்கு மேலேயுள்ள சுப்பீரியர் ஏரியில் ஏறத்தாழ 190 ஆண்டுகள். ஆழமான நிலத்தடி நீரில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். கடலில் சுமார் மூவாயிரம் ஆண்டுகள். மீட்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த எண்களில் பாதி விடை இருக்கிறது. லண்டனின் தேம்ஸ் ஆற்றில் உயிரினம் வாழவே வழியில்லை என்று 1957-இல் அறிவித்தார்கள். கழிவுநீர் நிலையங்களைச் சீர்செய்தார்கள். சில பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் அதன் கழிமுகத்துக்குத் திரும்பின. ஆறு என்பதால் இது நடந்தது. கொட்டுவதை நிறுத்தினால் புது நீர் வந்து பழையதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நிலத்தடி நீருக்கு அந்தச் சலுகை கிடையாது. பாட்டன் காலத்தில் இறங்கிய நைட்ரேட் பேரன் காலத்து ஊற்றில் வந்து எட்டிப்பார்க்கும். ஆகவே எங்கெங்கோ சமமாகப் பணத்தைத் தெளிப்பதைவிட, திரும்பிவராத இடங்களை முதலில் காக்கவேண்டும் என்பது என் துணிபு. நிலத்தடி நீரும் பெரிய ஏரிகளும் முதல் வரிசை.

டயருக்கு மாற்றுப்பொருள் தேடும்படி கலிபோர்னியா அரசு 2023-இல் உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியது. ஓசோனிடமிருந்து ரப்பரையும் காக்கவேண்டும், மீனையும் கொல்லக்கூடாது. அப்படியொரு பொருள் கிடைக்கும்வரை மழை காத்திருக்கப் போவதில்லை. ஆனால் 2015-இல் வெளிவந்த ஒரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். கோஹோவைக் கொல்லும் நஞ்சின் பெயர் தெரிவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு நடந்தது அது. நெடுஞ்சாலையில் வழிந்த மழைநீரைப் பிடித்து, ஒரு பாதியை அப்படியே மீன் தொட்டியில் விட்டார்கள். மறுபாதியை மணலும் மக்கிய இலைதழை உரமும் மரப்பட்டைத் தூளும் நிரப்பிய பீப்பாய்கள் வழியாக மெல்ல இறங்கவிட்டார்கள். முதல் தொட்டியிலிருந்த கோஹோக்கள் செத்துப்போயின. இரண்டாவதிலிருந்தவை எல்லாம் பிழைத்தன. மழைநீர்க் குழாய் ஆற்றைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் இப்படியொரு மண்படுகைக்கு இடம் விட்டால் போதும், பீப்பாயில் நடந்தது தெருவோரத்திலும் நடக்கும். மண்ணுக்குக் கொள்ளளவு உண்டு என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேல்மண்ணை அள்ளி மாற்றவேண்டியிருக்கும். சாலைத் திட்டம் போடும் நாளிலேயே அதற்கான இடத்தையும் செலவையும் சேர்த்து எழுதச் சொல்லி நாம் கேட்கவேண்டும்.